மடிப்பில் போன எழுத்து

அந்த லயத்து வரிசை வீடுகளிலேயே எழுதப் படிக்கத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான் என்ற மிதப்பு எனக்கு இருந்தது. இலங்கை மலைநாட்டில் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்துவிட்டு, பத்தொன்பது வயதில் வட்டவளைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். வந்த மறு வாரமே பக்கத்து அறைகளில் குடியிருந்த காம்பராக்காரர்கள் இந்தியாவிலிருந்து வந்த கடிதங்களைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வரத் தொடங்கினார்கள். நான் இஸ்தோப்புத் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து, முதலில் எனக்குள்ளே ஒரு முறை படித்துப் பார்ப்பேன். பிறகுதான் சத்தமாகப் படிப்பேன். நான் எனக்குள்ளே படிக்கிற அந்த நேரத்தில் அவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

என் அம்மாவுக்கு நானும் எழுதுவேன். ஒரே நாளில் எழுதி முடிக்க முடியாது. கொழுந்து எடுத்து, விறகு பொறுக்கி, அடுப்பு வேலை முடித்த பிறகு நாலு வரி. மறுநாள் இன்னும் நாலு வரி. எழுதின மட்டும் மடித்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைப்பேன். அதில் பாதிக்கு மேல் அத்தையைப் பற்றித்தான் இருக்கும். அத்தை என்றால் என் மாமியார். உப்பை அள்ளிக் கொட்டுகிறார், நான் மடித்து வைத்த சேலையைப் பிரித்து மறுபடி மடிக்கிறார், மாட்டோடு பேசுகிற அளவுக்குக்கூட என்னோடு பேசுவதில்லை. இப்படி ஒன்றையும் விடமாட்டேன். ஒரு தடவை, இங்கே கருவாடே கண்ணில் படுவதில்லை, நாக்கு செத்துப் போயிற்று என்று எழுதியிருந்தேன். அந்த மாதச் சம்பளம் வாங்கியதும் ஹட்டன் டவுனுக்குப் போன அத்தை ஒரு பொட்டலம் கருவாட்டோடு வந்தார். மனுஷி மனதைப் படித்துவிடுகிறாரே என்று ஆச்சரியப்பட்டு, அதையும் அம்மாவுக்கு எழுதினேன்.

அத்தைக்குப் படிப்பு கிடையாது, ஆனால் கையெழுத்து உண்டு. சுதந்திரம் வந்த பிறகு நம் ஆட்கள் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்ட காலத்தில், நான் கைநாட்டு வைக்க மாட்டேன், பேரைத்தான் போடுவேன் என்று அடம்பிடித்து, தோட்டத்து வாத்தியாரிடம் போய் நின்று, ஒரு மாதம் மண்ணில் எழுதிப் பழகினாராம். மனு தள்ளுபடியாகிவிட்டது. கையெழுத்து மட்டும் மிஞ்சியது. அன்றிலிருந்து, சேமிப்புப் புத்தகத்தோடு தபால் கந்தோருக்குப் போகும்போது மைப் பெட்டியை நீட்டினால் அதைத் திருப்பித் தள்ளிவிட்டுப் பேனாவைக் கேட்பார். பின்னால் நிற்கிற வரிசை முனகினாலும் அவசரப்பட மாட்டார். ஒவ்வொரு எழுத்துக்கும் மூச்சை ஒரு தடவை பிடித்து விடுவார்.

அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. சீனி, பருப்பு சுற்றி வருகிற பத்திரிகைக் காகிதத்தை எறிய மாட்டார். கையால் நீவிவிட்டுப் பாய்க்கு அடியில் அடுக்கி வைப்பார். எதற்கு என்று கேட்டால் "எதுக்காச்சும் ஆகும்" என்பார். இந்தக் குப்பையைப் பற்றியும் நான் அம்மாவுக்கு இரண்டு தடவை எழுதியிருந்தேன்.

எல்லாவற்றுக்கும் மேலே மாடு. லயத்துக்குப் பின்னால் தகரக் கொட்டிலில் செவலை நிறத்தில் ஒரு பசு. அதன் பால் கடைத்தெருத் தேத்தண்ணிக் கடைக்குப் போகும், தொழிற்சாலைக் கிளார்க் வீட்டுக்குப் போகும். நான் உண்டாகி நாலு மாதம் ஆனதிலிருந்து ஒரு லோட்டா எனக்கும் வந்தது. அத்தை அதை ஒன்றும் சொல்லாமல் அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். குடித்தேனா என்று கேட்கமாட்டார், லோட்டாவை மட்டும் கவிழ்த்துப் பார்ப்பார். பிறக்கிற பிள்ளைக்கும் அந்தப் பால்தான் என்பது சொல்லாமலே தீர்மானமான விஷயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கீழ் ரோட்டுத் திருப்பத்தில் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் ஏறி வருவதை முதல் காம்பராக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். "கோட்டுக்காரர் வர்றாரு" என்று அவர்கள் சொன்னது, பத்துக் காம்பராவைத் தாண்டி எங்களிடம் வருவதற்குள் "கோட்டுல இருந்து வர்றாங்க" என்று ஆகிவிட்டது. உடம்பில் போடுகிற கோட்டும் வழக்குப் பேசுகிற கோட்டும் நம் வாயில் ஒன்றுதானே. என் வீட்டுக்காரர் நீதிமன்றமே நடந்து வருகிறது என்று நினைத்து, சட்டையை மாட்டிக்கொண்டு பின்பக்கமாக மாட்டுக் கொட்டிலுக்குப் போய் நின்றுகொண்டார். அவர் நல்ல மனுஷன்தான். சச்சரவு என்றால் மட்டும் இரண்டு கொட்டில் தள்ளி நிற்பார்.

வந்தவர் ஹட்டனில் கடன் வசூல் செய்கிறவர். அங்கே வட்டிக்குக் கொடுத்துக்கொண்டிருந்த ஒருவர் இரண்டு வருடம் முன்பு கடையை மூடி இந்தியாவுக்குப் போனபோது, வசூலாகாத கடன் நோட்டுகளை எல்லாம் இவர் மலிவாக வாங்கியிருந்தார். அதில் ஒன்று எங்கள் வீட்டு நோட்டு. மாமா, அதாவது என் மாமனார், மாடு வாங்குவதற்காக இருநூறு ரூபாய் வாங்கியது. மாமா பெயரில் ஏற்கெனவே ஒரு நோட்டு இருந்ததால் இதை அத்தை பெயரில் எழுதி, கட்டைவிரல் ரேகையும் எடுத்திருந்தார்கள். மாமா இப்போது இல்லை. சாட்சி போட்ட இரண்டு பேரும் கப்பலேறிவிட்டார்கள்.

"சர்வரி வருஷம் தை மாசம் வாங்கின கடன். மூணு வருஷமாச்சு. வட்டியோட குடுங்க. இல்லேன்னா கோட்டுல போட்டு, பிஸ்காலைக் கூட்டிட்டு வந்து மாட்டை அவுத்துட்டுப் போவேன்" என்றார். பிஸ்கால் என்பவர் கோர்ட்டுத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு பண்டம் பாத்திரத்தைத் தூக்க வருகிற உத்தியோகத்தர். அந்தப் பேரைக் கேட்டதும் லயத்துப் பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

அத்தை மட்டும் பதறவில்லை. அது சர்வரி இல்லை, சர்வதாரி என்றார். வெள்ளைக்காரன் போன மறு வருடத்துத் தை. இப்போது இருக்கிற மாட்டின் பாட்டியை வாங்கிய கடன் அது. மாமா சம்பளத்துக்குச் சம்பளம் போய்க் கட்டிவிட்டு வருவார். எவ்வளவு கட்டினார், முடிந்ததா என்பது அவருக்கும் அந்த வட்டிக்காரருக்கும்தான் தெரியும்.

நோட்டைக் கொண்டாருங்கள், நான் பார்க்கிறேன் என்று நான் முன்னால் போனேன். தமிழ் வருடப் பெயர்கள் அறுபதில் சர்வதாரிக்கும் சர்வரிக்கும் நடுவே பன்னிரண்டு வருடம் இருக்கிறது. பஞ்சாங்கம் சார்வரி என்று போட்டாலும் நம் ஆட்கள் எழுதுவது சர்வரிதான், அந்த எழுத்தில் பார்த்தால் வித்தியாசம் ஒரே ஒரு 'தா'. அந்த நோட்டை நாலாக மடித்திருந்தார்கள். மடிப்பு சரியாக அந்த இடத்தில் விழுந்து, நைந்து, ஓட்டையாகியிருந்தது. ஓட்டைக்கு இந்தப் பக்கம் 'சர்வ', அந்தப் பக்கம் 'ரி'. நடுவே ஒரு எழுத்து இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். முத்திரை ஒட்டியிருந்த இடத்தில் பசைத் தடம் மட்டும் இருந்தது.

நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பதை ஒத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆகவே வாயைத் திறந்தேன். "எங்களை ஏமாத்த முடியாதுங்க. அத்தைக்குத்தான் பேரு போடுறதத் தவிர ஒண்ணும் தெரியாது. எனக்கு நல்லா வாசிக்கத் தெரியும்" என்றேன். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார், அத்தையை ஒரு தடவை பார்த்தார். பிறகு குரல் இளகிவிட்டது. அவசரமில்லை தங்கச்சி, இன்றைக்கு ஓர் ஐந்து ரூபாய் கொடுங்கள், நான் மூன்று மாதம் பொறுக்கிறேன் என்றார். எனக்கு அது நியாயமாகப் பட்டது. என் சொந்தச் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்து மாட்டை நானே காப்பாற்றிவிடலாம் என்று உள்ளே போகத் திரும்பினேன். வாசலில் அத்தை குறுக்கே நின்றார்.

"குடுக்கிறதா இருந்தா மொத்தமாக் குடுப்போம். கொசுறு குடுக்கிற பழக்கம் எங்களுக்கு இல்ல."

வந்தவர் அடுத்த ஞாயிறு வருவதாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஐந்து ரூபாயில் முடிகிற காரியத்தை இந்தப் பிடிவாதக்காரி கெடுத்துவிட்டார் என்று அன்றைக்கே அம்மாவுக்கு எட்டு வரி எழுதினேன்.

புதன்கிழமை வேலைக்குப் போகாமல் பஸ் ஏறி ஹட்டனுக்குப் போனேன். நாங்கள் துணி எடுக்கிற கடையின் முஸ்லிம் முதலாளியை, எல்லோரும் நானா என்று கூப்பிடுகிறவரை, கேட்டால் தெரியும் என்று நினைத்தேன். நானா கடன் கொடுத்துக் கொடுத்தே எல்லாச் சட்டமும் படித்தவர். நான் சொல்லி முடிக்கும் வரை துணி அளக்கிற கோலால் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"புள்ள, நோட்டு எழுதி ஆறு வருஷம் தாண்டிட்டா கோட்டுல அது செல்லாது. சர்வதாரியா இருந்தா அது வடை சுத்துற காயிதம். சர்வரியா இருந்தா உசுரோட இருக்கு. முத்திரை இல்லேங்கிறீங்களே, அதுல யாரு தல இருந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. ராசா செத்துப் பன்னெண்டு வருஷமாச்சு, இப்ப ராணி. ராசா தல இருந்தா வருஷம் தெரிஞ்சு போயிடும்ல."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மனுஷன் முத்திரையை உரித்து எடுத்திருக்கிறார். நானா அதோடு விடவில்லை. செத்த நோட்டுக்கு உயிர் கொடுக்கவும் வழி இருக்கிறது என்றார். அதன் பேரில் ஒரு ரூபாய் கட்டினாலும் போதும், கடன் உண்டு என்று எழுதினதுக்குக் கீழே ஒரு கையெழுத்து வைத்தாலும் போதும், அன்றைக்குப் புதிதாக வாங்கின மாதிரி ஆகிவிடும். ஆகவே காசும் கொடுக்காதீர்கள், கையெழுத்தும் போடாதீர்கள் என்று சொல்லி, ஒரு கண்ணாடித் தம்ளரில் தேத்தண்ணியும் வரவழைத்துக் கொடுத்தார். என் ஐந்து ரூபாயை நினைத்து எனக்கு வேர்த்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது அத்தையிடம் எப்படிச் சொல்வது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன்.

சொன்னேன். அத்தை மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டே கேட்டார். ம், ம் என்றார். என் கவலை வேறு. அவருக்குக் கையெழுத்தில் இருக்கிற ஆசை எனக்குத் தெரியும். யாராவது பேனாவை நீட்டி நாலு வார்த்தை புகழ்ந்தால் போதும், எதிலும் போட்டுவிடுவார்.

ஆனால் அந்தக் கையெழுத்தே வழியும் காட்டியது. சனிக்கிழமை தகரப் பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தபோது பழைய பிரஜாவுரிமை மனுவின் நகல் கையில் கிடைத்தது. கீழே அத்தையின் பெயர், கோணல் மாணலாக, அழுத்தி அழுத்தி. பக்கத்தில் இங்கிலீஷ் மாதக் கணக்கில் தேதி, சர்வரிக்குப் பத்து வருடம் முந்தியது. அதற்குப் பிறகு அவர் எங்கேயும் கட்டைவிரல் வைத்ததில்லை. அப்படியென்றால் கட்டைவிரல் உள்ள நோட்டு அதற்கு முந்தியதாகத்தான் இருக்க வேண்டும். நான் குதிக்காத குறை. வயிற்றில் பிள்ளை இருந்ததால் குதிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோட்டுக்காரர் வந்தார். நான் மனுவின் நகலையும் தபால் கந்தோர்ப் புத்தகத்தையும் அவர் முன்னால் விரித்தேன். கிளார்க் வீட்டில் பால் கணக்குக்குப் போட்ட கையெழுத்து முதல் பள்ளிக்கூடத்தில் என் வீட்டுக்காரருக்காகப் போட்ட கையெழுத்து வரை, வருடம் வருடமாகச் சொன்னேன். "சர்வரி வருஷத்துல எங்க அத்தை கைநாட்டு வச்சாங்கன்னு சொன்னா தபால் கந்தோரே சிரிக்கும்" என்றேன். லயத்தில் பாதிப் பேர் வாசலில் நின்றார்கள். என் வீட்டுக்காரர்கூட ஒரு கொட்டில் முன்னால் வந்திருந்தார்.

அவர் தோற்றுப் போன மாதிரிச் சிரித்தார். சரி அம்மா, சர்வதாரியாகவே இருக்கட்டும், எனக்கு இங்கே ஒரு சதமும் வர வேண்டியதில்லை என்றார். எல்லோருக்கும் மூச்சு வந்தது. பிறகு மனுவை எடுத்து அந்தக் கையெழுத்தை நெடுநேரம் பார்த்தார். என்ன எழுத்து, என்ன எழுத்து, கிளார்க்மார்கூட இப்படி எழுத மாட்டார்கள் என்றார். அத்தையின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

"நான் வந்து பாத்துட்டுப் போனேன்னு பின்னால எழுதியிருக்கேம்மா. கணக்கை முடிச்சு வைக்கிறதுக்கு. அதுக்குக் கீழ உங்க கையெழுத்து ஒண்ணு" என்று நோட்டைத் திருப்பி நீட்டினார். நான் எட்டிப் பார்க்கப் போனேன். "தங்கச்சி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது" என்றார்.

"அத்தை, வேணாம்" என்றேன்.

"சும்மா இரு புள்ள" என்றார் அத்தை.

கையைச் சேலையில் துடைத்தார். பலகையை மடியில் வைத்துக்கொண்டார். காகிதத்தைக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். எங்கே எழுதுவது என்று இடம் தேடுகிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். கொட்டிலில் மாடு வேறு கத்தியது. அத்தை மூச்சைப் பிடித்து 'மா' என்று எழுதினார். அவர் பெயரும் 'மா'வில்தான் தொடங்கும். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

அடுத்து 'ட்' எழுதினார். அது அவர் பெயரில் கிடையாது. கோட்டுக்காரர் புருவத்தை உயர்த்தினார், பிறகு முகம் பிரகாசமாயிற்று. மாட்டையே எழுதிக் கொடுக்கப் போகிறார் என்று நினைத்துவிட்டார் பாவம். அத்தை மூச்சு விட்டு, மறுபடி பிடித்து, 'டே' போட்டார். கொம்பை முதலில் போட்டு, அதன் தலையைச் சுழித்து, பிறகு 'ட'வை இழுத்தார். கடைசியில் ஒரு 'ன்', புள்ளியை நன்றாக அழுத்தி. பலகையோடு காகிதத்தை அவரிடம் நீட்டினார்.

மாட்டேன்.

நான் இப்போது வெளிச்சத்தை மறைத்துக்கொண்டே எட்டிப் படித்தேன். அதற்கு மேலே கோட்டுக்காரர் எழுதியிருந்த வரி இதுதான்: மேற்படி கடன் பாக்கி இருப்பதை ஒப்புக்கொண்டு ஆறு மாதத்தில் வட்டியுடன் செலுத்தச் சம்மதிக்கிறேன். அதற்குக் கீழே அத்தையின் பதில், கோணல் மாணலாக, அழுத்தி அழுத்தி.

கோட்டுக்காரர் அதைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். பேருக்கு மேலே ஒன்றும் தெரியாது என்று நீதானே சொன்னாய் என்கிற பார்வை. பிறகு அந்த மனுஷனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அத்தை கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார். நோட்டை மறுபடி நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினார். அவர் கோட்டு திருப்பத்தில் மறைகிற வரைக்கும் லயத்துப் பிள்ளைகள் "மாட்டேன், மாட்டேன்" என்று கத்திக்கொண்டே பின்னால் போனார்கள். அதற்குப் பிறகு அவர் எங்கள் தோட்டப் பக்கம் வரவில்லை.

எல்லோரும் கலைந்த பிறகு நான் அடுப்படியில் போய் நின்றேன். அத்தை பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். உங்களுக்கு வாசிக்கத் தெரியுமா என்று கேட்டேன்.

"பேரு எழுதப் பழகினப்ப அஞ்சாறு எழுத்து கெடச்சிச்சு. மிச்சத்தப் பொட்டலக் காயிதத்துல பொறுக்கிக்கிட்டேன்" என்றார்.

பாய்க்கு அடியில் இருந்த காகிதங்கள் நினைவுக்கு வந்தன. அதற்குப் பின்னாலேயே கருவாடு நினைவுக்கு வந்தது. பிறகு சாமிப் படம். அதற்குப் பின்னால் பாதி எழுதிக் கிடந்த கடிதம், அதில் பிடிவாதக்காரி என்று நான் எழுதியிருந்த எட்டு வரி. எனக்குத் தரையில் புதைந்துவிடலாமா என்று இருந்தது. இரண்டு வருடமாக என் அம்மாவுக்கு எழுதினதெல்லாம் முதலில் யாருக்குப் போயிருக்கிறது என்று கணக்குப் பார்க்கவே பயமாக இருந்தது.

"உப்பு இப்ப சரியா இருக்கா?" என்று கேட்டார் அத்தை, பாலைப் பார்த்துக்கொண்டே.

நான் அழுதுவிட்டேன். இத்தனை நாளும் ஏன் சொல்லவில்லை என்று அழுகையோடு கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீ எழுதியிருப்பியா? நேர்ல கேட்டா ஒண்ணும் இல்லத்தைன்னு சொல்லுற புள்ள நீ. உனக்கு என்ன கொறைன்னு எனக்கு வேற எப்பிடித் தெரியும்?"

லோட்டாவில் பாலை ஊற்றி மேடையில் வைத்துவிட்டு, வழக்கம் போல் வெளியே போய்விட்டார். நான் அழுதுகொண்டே குடித்தேன். சீனி கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

அன்றைக்கு அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் எடுத்தேன். கிழிக்கவில்லை. எட்டு வரிக்குக் கீழே கோட்டுக்காரர் கதையை முழுக்க எழுதினேன். எங்கள் அத்தையைப் போல ஒரு மனுஷி இந்த மலையில் கிடையாது என்று எழுதினேன். அதை எழுதும்போது கொஞ்சம் பெரிய எழுத்தாகவே எழுதினேன். கடைசியில், புளிப்பு மாங்காய் தின்ன ஆசையாக இருக்கிறது, இந்தக் குளிரில் எங்கே கிடைக்கும் என்று ஒரு வரி சேர்த்து, மடித்து, சாமிப் படத்துக்குப் பின்னால் நுனி வெளியே தெரிகிற மாதிரிச் செருகி வைத்தேன்.

வியாழக்கிழமை வேலை விட்டு வந்தபோது அடுப்பு மேடையில் இரண்டு மாங்காய் இருந்தன. அவற்றைச் சுற்றி வந்த காகிதத்தை மட்டும் காணோம்.